அலைக் கணக்கும் அவகாசக் கணக்கும்



2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 28. அமெரிக்காவின் தென்கரையை ஒட்டிய மெக்சிகோ வளைகுடாவில் கத்ரீனா என்னும் சூறாவளி ஐந்தாம் எண்ணில் நின்றது. அதற்கு மேல் எண் கிடையாது. காற்று மணிக்கு 175 மைல். மறுநாள் விடியற்காலையில் லூசியானா மாநிலத்தின் பியூராஸ் என்ற ஊரருகே அது கரையேறியபோது எண் மூன்றாகக் குறைந்திருந்தது. காற்று 125 மைல்.

எண் இறங்கிற்று, சரி. கடல் இறங்கிற்றா? இல்லை. அலபாமா கரைக்குத் தெற்கே எழுபது மைலுக்கு அப்பால் மிதந்துகொண்டிருந்த அளவு மிதவை ஒன்று அன்று காலை 55 அடி என்று அலை உயரத்தைப் பதிவு செய்தது. அது ஏதோ ஒரு பேரலையின் உயரம் என்று எண்ணிவிடாதீர்கள். உயர்ந்த அலைகளில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துச் சராசரி கண்ட உயரம் அது. மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ் கிறிஸ்டியன் பக்கம் கடல் மட்டமே ஏறத்தாழ 28 அடி உயர்ந்தது. இரண்டு மாடி வீட்டின் கூரை அளவுக்குக் கடல் ஊருக்குள் எழுந்து நின்றது என்று பொருள்.

காற்றுக்கு மறதி உண்டு. கடலுக்கு அது இல்லை. நேற்று அடித்த ஐந்தாம் எண் காற்று எழுப்பிவிட்ட அலை, இன்று அடிக்கும் மூன்றாம் எண் காற்றோடு சேர்ந்து கரைக்கு வந்தது. புயலின் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு, “குறைந்துவிட்டதே!” என்று மூச்சு விட்டவன் ஏமாந்தான். அந்தப் புயலில் மாண்டவர் 1,300க்கு மேற்பட்டோர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கிற்று. செல்வர் வாழ்ந்த பகுதிகளும் நனையாமல் இல்லை. ஆனால் வீடு அடித்தளத்திலிருந்து பெயர்ந்து தெருவில் மிதந்த காட்சி எங்கே? கீழ் ஒன்பதாம் வட்டத்தில்! கறுப்பின உழைப்பாளிகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வட்டத்தில்!

இருபதாண்டுகளுக்கு முந்தைய கதையை இப்போது ஏன் எடுக்கிறோம் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. கடல் எவ்வளவு ஏறும், அலை எவ்வளவு எழும் என்று முன்கூட்டிச் சொல்லக் கணிப்பொறிகள் இருக்கின்றன. அந்தக் கணிப்பொறிக் கணக்கு விரைவாக வரவேண்டுமா, நுட்பமாக வரவேண்டுமா என்று விஞ்ஞானிகளிடையே நெடுநாளாக ஒரு வாதம் நடந்து வருகிறது. அது படித்தவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் விவகாரம், நமக்கென்ன என்று ஒதுங்க வேண்டாம். அந்த வாதத்தின் முடிவு யார் தலையில் விடிகிறது என்பதைப் பார்த்தால், அது உழைப்பவன் விவகாரமே என்பது தெரியும்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது? கடலையும் கரையையும் ஒரு வலை போட்டு மூடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலையின் ஒவ்வொரு முடிச்சிலும் நீர் எவ்வளவு உயரம், எத்திசையில் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று கணிப்பொறி கணக்கிடும். சில விநாடி கழித்து மீண்டும் கணக்கிடும். இப்படியே புயல் கரை கடக்கும் வரை. வலைக்கண் பெரிதாக இருந்தால் கணக்கு நொடியில் முடியும்; ஆனால் சிறு கால்வாயும், சாலை மேடும், வெள்ளத் தடுப்புக் கரையும் பெரிய கண்ணின் வழியே மீன்குஞ்சு நழுவுவதுபோல் நழுவிப் போகும். கண் சிறிதாக இருந்தால் எல்லாம் சிக்கும், ஆனால் நேரம்?

இங்கேதான் ஒரு கூலிக் கணக்கு வருகிறது. வலைக்கண்ணின் நீளத்தைப் பாதியாக்குங்கள். ஒரு கண் இருந்த இடத்தில் நான்கு கண் வரும். அதோடு விட்டதா? கண் சிறிதானால், ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலுள்ள நேரத்தையும் பாதியாக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு தாறுமாறாகிவிடும். நான்கு இரண்டு எட்டு. ஆக, இரு மடங்கு தெளிவுக்கு எட்டு மடங்கு உழைப்பு! இன்னொரு முறை பாதியாக்கினால் அறுபத்து நான்கு மடங்கு! எந்த முதலாளியும் இந்தப் பேரத்துக்கு ஒப்பமாட்டான்.

அமெரிக்க வானிலைத் துறையில் செஸ்டர் ஜெலஸ்னியான்ஸ்கி என்பவரும் அவருடைய துணைவர்களும் உருவாக்கிய ‘ஸ்லாஷ்’ என்ற கணக்கு முறை பெரிய கண் வலையைச் சேர்ந்தது. விரைவானது, எளிய கணிப்பொறியிலும் ஓடும். அதனால் ஒரே புயலுக்கு ஒரே கணக்கோடு நிற்காமல், புயல் சற்று இடப்பக்கம் போனால், வலப்பக்கம் போனால், பெருத்தால், விரைந்தால் என்று நூற்றுக்கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். 1990களின் தொடக்கத்தில் ரிக் லூட்டிச், ஜோஹானஸ் வெஸ்டரிங்க் என்ற இருவர் ‘அட்சர்க்’ என்ற வேறொரு முறையைக் கொண்டுவந்தார்கள். அது முக்கோண வலை. நடுக்கடலில் மைல்கணக்கில் நீளமான முக்கோணம். கரைக்கு வர வர, கால்வாய் வாயிலில், ஒரு தெரு அகலத்துக்குச் சுருங்கும். லூசியானா கரைக்குப் போட்ட வலைகளில் முடிச்சுகளே பல லட்சம். அதை ஓட்ட ஒரு கணிப்பொறி போதாது. ஆயிரக்கணக்கான கணிப்பொறி மூளைகள் பங்கு போட்டுக்கொண்டு உழைக்க வேண்டும்.

(அந்தப் பங்கீட்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. வேலையை நிலப்பரப்பு வாரியாகப் பிரித்துக் கொடுத்தால், நீர் ஏறாத வறண்ட பகுதி யாருக்கு வாய்த்ததோ அது சும்மா இருக்கும். வெள்ளம் ஏறிய பகுதி வாய்த்தது வியர்வை சிந்தும். எல்லாரும் முடிக்கும்வரை யாரும் அடுத்த அடி வைக்க முடியாது. வேலையைச் சமமாகப் பிரிக்கும் வழியைக் கணிப்பொறிக்காரர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆலையில் வேலை செய்பவர்களுக்கு இது புதிய செய்தியா, என்ன?)

இதுவரை சொன்னது கடல் மட்டத்தின் கணக்கு. அலையின் கணக்கு அதைவிடப் பொல்லாதது. மட்டத்துக்கு ஒரு முடிச்சில் மூன்று எண் போதும்: உயரம் ஒன்று, ஓட்டம் இரண்டு. அலைக்கோ, எந்தத் திசையிலிருந்து, எத்தனை நீள அலை, எவ்வளவு ஆற்றலோடு வருகிறது என்று தனித்தனியே வைத்திருக்க வேண்டும். திசையை முப்பத்தாறாகவும், அலை வகையை முப்பதாகவும் பிரித்தால் ஒரு முடிச்சுக்கு 1,080 எண்! நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘ஸ்வான்’ என்ற முறை இந்த வேலையைச் செய்கிறது. கரை அலைக்கென்றே ஏற்பட்டது அது. ஸ்வானையும் அட்சர்க்கையும் ஒரே வலையில் பூட்டி, நீர்மட்டத்தை இது அதற்குச் சொல்ல, அலையின் தள்ளு விசையை அது இதற்குச் சொல்ல, இரண்டும் சேர்ந்து ஓடும் ஏற்பாட்டை 2011இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள்.

“இவ்வளவு செலவு எதற்கு? அலையை விட்டுவிட்டு மட்டத்தை மட்டும் கணக்கிட்டால் போதாதா?” என்று கேட்பவர் உண்டு. போதாது என்பதே எம் கருத்து. அலை கரையருகே உடையும்போது தன் விசையைத் தண்ணீரிடம் விட்டுப் போகிறது. அதனால் மட்டமே ஓரடி, ஈரடி, சில இடங்களில் அதற்கும் மேல் கூடுகிறது. கரையின் உயரம் பதினாறடி, கடல் பதினைந்தடி என்று கணக்கு சொன்னால், ஊர் தப்பியது என்று நினைப்போம். அந்த ஈரடியைச் சேர்த்துப் பாருங்கள்! அதற்கு மேல் அலை வேறு ஏறி வழியும். நியூ ஆர்லியன்சுக்குக் கிழக்கே, செயின்ட் பெர்னார்டு வட்டாரத்தைக் காக்க நின்ற மண் கரைகள் கத்ரீனாவில் மைல்கணக்கில் கரைந்து போயின. அலை ஏறி வழிந்தது, மோதி அரித்தது, மணல் மிகுந்த கரை நிற்கவில்லை. மட்டத்தை மட்டும் பார்த்த கணக்கில் இந்த அரிப்பு வராது.

ஒன்றையும் இங்கே மறைக்கக்கூடாது. அதே நகரின் பதினேழாம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் சுவர்கள் உடைந்தது கணக்குப் பிழையால் அன்று. தண்ணீர் சுவரின் தலையைத் தொடுமுன்பே சுவர் சாய்ந்தது. அடிமண் வலுவில்லாத இடத்தில் கட்டிய கட்டடக் குற்றம் அது. எவ்வளவு நுட்பமான அலைக் கணக்கும் பொய்க்கால் சுவரைத் தாங்கிப் பிடிக்காது.

இனி, கடிகாரத்தைப் பார்ப்போம். அமெரிக்கச் சூறாவளி மையம் ஆறு மணிக்கு ஒருமுறை புயலின் பாதையை அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு வந்த பிறகுதான் அலைக் கணக்கைத் தொடங்கமுடியும். ஒன்றிரண்டு மணியில் முடிவு கையில் வந்தால், அதிகாரி படிப்பார், ஆணையிடுவார். ஆறு மணி கழித்து வந்தால், அதற்குள் அடுத்த அறிவிப்பு வந்து பழையது குப்பைக்குப் போகும். எல்லாம் முடிந்து வெகு நுட்பமாக வரும் கணக்கு, பிணத்துக்குச் செய்யும் வைத்தியம்.

அந்த விரைவு யாருக்குத் தேவை? வீட்டு வாசலில் இரண்டு மோட்டார் கார் வைத்திருப்பவனுக்கு ஐந்து மணி நேரம் போதும். பெட்டியை ஏற்றுவான், புறப்படுவான். கார் இல்லாதவனுக்கு? பேருந்து வரவேண்டும், அதை ஓட்ட ஆள் வரவேண்டும், போகும் ஊரில் தங்க இடம் வேண்டும், கிழவியைத் தூக்கிவர மகன் வேலையிலிருந்து திரும்பவேண்டும். அவனுக்கு ஐம்பது மணி நேரம் வேண்டும். நியூ ஆர்லியன்சில் கார் இல்லாதவர் ஏறத்தாழ லட்சம் பேர் என்று கத்ரீனாவுக்கு முன்பே கணக்கெடுத்து வைத்திருந்தார்கள்! விரைவு என்பது ஏழையின் உரிமை என்று நாம் சொல்வது அதனால்தான்.

அன்று விரைவு கிடைத்ததா? கிடைத்தது, அதுதான் கொடுமை. ஆகஸ்டு 26 மாலையிலிருந்தே, ஏறத்தாழ இரண்டரை நாள் முன்பே, புயல் எங்கே போகும் என்பதைச் சூறாவளி மையம் வெகு சரியாகச் சொல்லிவிட்டது. 27 காலையில் முன்னெச்சரிக்கை, அன்றிரவு எச்சரிக்கை. நகரத்தைக் கட்டாயமாகக் காலி செய்யும் ஆணை எப்போது பிறந்தது? 28 காலையில்! புயல் கரையேற ஒரு நாள்கூட மீதியில்லாதபோது! கணக்குப் போட்டவன் தந்த நாள்களைக் கையெழுத்துப் போட வேண்டியவர் தின்றுவிட்டார். கணிப்பொறியில் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்த ஆண்டுக்கணக்கில் மூளையைக் கசக்குகிறார்களே, மேசையில் கிடந்து வீணான அந்த மணிகளுக்கு யார் பொறுப்பு?

அப்படியானால் விரைவு முறையே போதும், நுட்பம் ஆடம்பரம் என்று முடிவு கட்டலாமா? அவசரப்படக்கூடாது. 2008 செப்டம்பரில் டெக்சாஸ் மாநிலத்தைத் தாக்கிய ஐக் சூறாவளி இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அதன் எண் இரண்டுதான். ஆனால் உடல் பெரியது. செப்டம்பர் 13 அதிகாலையில் கால்வெஸ்டனில் கரையேறிற்று. ஆனால் அதற்கு அரை நாள், ஒரு நாள் முன்பே, மையம் தொலைவில் இருக்கும்போதே, கடல் சில அடி ஏறிவிட்டது. அப்படியொரு முன்னேற்றம் வரும் என்று முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. பொலிவர் தீபகற்பத்தில், “நாளைதானே புயல், காலையில் கிளம்பலாம்” என்று இருந்தவர்கள் எழுந்து பார்த்தபோது ஊரைவிட்டு வெளியே போகும் சாலை நீருக்கடியில் கிடந்தது. கரையோரமாக ஓடும் நீரோட்டத்தைப் பூமியின் சுழற்சி கரைப்பக்கம் திருப்பியதால் வந்த ஏற்றம் அது. கரையோரத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் போடும் சிறு கணக்கில் அது அகப்படுவது அரிது. வளைகுடா முழுவதையும் வலைக்குள் கொண்டுவர வேண்டும். அதற்கு நேரமும் கணிப்பொறியும் வேண்டும்.

ஆகவே கேள்வியையே மாற்றிக் கேட்கவேண்டும் என்கிறோம். எந்த மணியில், யார் கைக்கு, எதற்காகப் போகிறது இந்தக் கணக்கு?

புயல் மூன்று நாள் தொலைவில் இருக்கும்போது அதன் பாதையே பல பத்து மைல் விலகக்கூடும். விலகக்கூடிய ஒரே ஒரு பாதையை எடுத்து, அதன்மேல் தெருவாரியாக அலை உயரத்தை அங்குலக் கணக்கில் சொல்வது நுட்பமாகாது. நுட்பத்தின் வேடம் அது. அப்போது நூறு பாதையை விரைவு முறையில் போட்டுப் பார்த்து, “இந்தக் கரை முழுவதற்கும் ஆபத்து, கார் இல்லாதவனை இன்றே ஏற்று” என்று சொல்வதே நேர்மை. ஒரு நாளாகச் சுருங்கி, பாதை உறுதியானபின், முக்கோண வலையை விரித்து, அலையையும் சேர்த்து, எந்தச் சாலை எத்தனை மணிக்கு மூழ்கும், எந்தக் கரையில் அலை ஏறும் என்று சொல்லவேண்டும். மணல் மூட்டை தூக்குபவனுக்கும், மருத்துவமனை மின்பொறியைக் காப்பவனுக்கும் அந்தத் தெளிவு வேண்டும். பரும்படி வலையில் தொடங்கி, புயல் எந்தக் கரைக்கு வருகிறது என்று தெரிந்தபின் அந்த இடத்துக்கு மட்டும் நுண்ணிய வலைக்கு மாறும் முறையை ஆராய்ச்சியாளர்கள் முயன்று வருகிறார்கள். சரியான பாதை அது.

கரை கட்டுகிறவனுக்கோ அவசரம் கிடையாது. அவனுக்கு ஆண்டுகள் இருக்கின்றன. அங்கே நுட்பத்தில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்கக்கூடாது. கத்ரீனாவுக்குப் பிறகு நியூ ஆர்லியன்சைச் சுற்றி ஏறத்தாழ 1,450 கோடி டாலர் செலவில் புதிய தடுப்புகள் எழுந்தன. கற்பனைப் புயல்களை நூற்றுக்கு மேல் வரிசையாக விட்டுப் பார்த்து, மட்டமும் அலையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் உயரம் குறித்தார்கள். 2021 ஆகஸ்டு 29, அதே நாள், ஐடா சூறாவளி நான்காம் எண்ணோடு வந்தது. புதிய தடுப்புகள் தாங்கின. வளையத்துக்கு வெளியே இருந்த லாப்ளேஸ் ஊர் மூழ்கிற்று. நுட்பக் கணக்கின் பயன் வளையத்தோடு நின்றுவிட்டது!

அண்மையில் புதிதாக ஒன்று புறப்பட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான பழைய கணக்குகளைக் கணிப்பொறிக்குப் புகட்டி, அடுத்த புயலுக்கு விடையை நொடியில் ஊகிக்கப் பழக்குகிறார்கள். விரைவும் கிடைக்கிறது, ஓரளவு நுட்பமும் கிடைக்கிறது. வரவேற்போம். ஆனால் புகட்டாத புயல் வந்தால் அது என்ன சொல்லும்? ஐக் போன்ற விதிவிலக்கு ஒன்று வந்தால்? பழைய முறையில் கணக்குப் போட்டுச் சரிபார்க்கும் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று இதைச் சாக்காகக் காட்டுவார்களானால், அங்கே நாம் விழித்துக்கொள்ளவேண்டும்.

வீண் எச்சரிக்கை என்றொரு பேச்சும் உண்டு. ஓடு என்றார்கள், ஓடினான், புயல் வேறு பக்கம் போய்விட்டது. மணிக்கூலி வாங்குகிறவனுக்கு மூன்று நாள் கூலி போயிற்று. பெட்ரோலுக்கும் விடுதிக்கும் கைக்காசு கரைந்தது. அடுத்தமுறை அவன் கிளம்பத் தயங்கினால் குற்றம் அவனுடையதா? நுட்பம் ஏழைக்கும் தேவை என்பதன் பொருள் இதுதான். நுட்பம் எட்டாத தொலைவில் விரைவை நம்பித்தான் அவனைக் கிளப்பவேண்டும் என்றால், கிளம்பிய நாளின் கூலியைச் சர்க்கார் தரட்டும். கட்டிய கரைக்கு 1,450 கோடி டாலர் கொடுக்க முடிந்தவர்களுக்கு இது பெரிய தொகையா?

அட்சர்க் அமெரிக்காவோடு நின்ற சங்கதியும் அல்ல. நம் நாட்டில் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையமும் வங்கக் கடல் புயல்களுக்கு அதைக் கையாள்கிறது. அமெரிக்க மக்களின் வரிப்பணத்தில், பல்கலைக்கழகங்களில் வளர்ந்து, உலகெங்கும் பயன்படுகிற பொதுச் சொத்து அது. 2017 முதல் அமெரிக்கச் சூறாவளி மையம் கடல் ஏற்றத்துக்கென்றே தனி எச்சரிக்கை விடுகிறது. காற்றின் எண்ணைப் பார்த்து மக்கள் ஏமாறக்கூடாது என்பதற்காக. கத்ரீனா தந்த பாடத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கிடைத்த நன்மை.

இப்போது அந்த நன்மைக்கே வேட்டு வைக்கிறார்கள். சூறாவளி மையமும் வானிலைத் துறையும் அடங்கிய அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்திலிருந்து 2025 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். சிக்கனமாம்! நள்ளிரவில் எழுந்து, வந்த பாதையைக் கணிப்பொறியில் ஏற்றி, வந்த விடையை நம்பலாமா என்று பார்த்து, மாவட்ட அதிகாரியைத் தொலைபேசியில் எழுப்புவது இயந்திரம் அன்று, சம்பளம் வாங்கும் மனிதன். அவனைக் குறைத்தால் விரைவும் குறையும், நுட்பமும் குறையும். அந்த ஆண்டும் சூறாவளிப் பருவம் வழக்கம்போல் ஜூன் 1 அன்று தொடங்கிற்று.